இளவரசன் மேல் வரைந்த முகம்

பழம்பொருள்களைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தத் திரவத்தை எதன் மேல் தடவ வேண்டும், பஞ்சை எப்படி உருட்ட வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் கையுறைகூடக் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. உங்கள் கை சுத்தமாக வேலை செய்யும் என்று நம்புகிறேன். அந்தக் கையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடி வராத காலம் அது, தொண்ணூறுகளின் பின்பாதி. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பழம்பொருள் கடையில் நான் வேலை பார்த்தேன். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைதான் என் பணிமனை. வெயில் காலத்தில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதலாளி பழைய கதவு, தூண், ஊஞ்சல் பலகை என்று வாங்கி, சென்னைக்காரர்களுக்கும் கடலோர விடுதிகளுக்கும் விற்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் இதை எந்தச் சுவரில் மாட்டினால் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெரியாது. வெளியாட்கள் கொண்டுவரும் பொருள்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலையும் எங்களுக்கு உண்டு.

ஒருநாள் ஏழுமலை வந்தார். கடப்பாக்கத்துக்காரர், மினி லாரி ஓட்டுகிறவர், முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றே முதலில் நினைத்தேன். மேசைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தார். உள்ளே பெரிய புத்தகம் அளவுக்கு ஒரு பீங்கான் பலகை, அதில் ஒரு குழந்தையின் உருவம். விளக்குப் புகையும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறிப் பலகை கறுத்துக் கிடந்தது.

"எங்க அக்கா மேடம் இது," என்றார். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டாங்க. வூட்ல தங்கச்சிக்குக் கண்ணாலம் வச்சிகினு கீறோம். பூவாடைக்குப் படைக்கணும். அழுக்கெடுத்துப் பளபளன்னு பண்ணிக் குடுத்துடுங்க."

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வயதில், கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் புதுத்துணியும் பூவும் அவளுக்குத்தான். அவளுக்குச் சொல்லாமல் எதுவும் தொடங்காது. பெரும்பாலான வீடுகளில் அவளுக்கு உருவம் இருக்காது, ஒரு கலசமோ சுவரில் மஞ்சள் பூசிய ஒரு இடமோ இருக்கும். ஏழுமலை வீட்டில் மட்டும் இந்தப் பீங்கான் பலகை இருந்தது.

வழக்கம்போல முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து வேலையைத் தொடங்கினேன். புகை விலக விலக உருவம் ஒவ்வொரு பகுதியாகத் தெரிந்தது. கீழே வெள்ளைச் சரிகைக் கவுன், நீலப்பட்டு நாடா, மார்பில் ரத்தினம் பதித்த பதக்கம், பக்கத்துத் திண்டின்மேல் ஒரு குட்டிக் கிரீடம். எல்லாமே சூளையில் சுட்ட வர்ணம், நகத்தால் சுரண்டினாலும் போகாது. பின்பக்கம் ஐரோப்பியச் சூளை ஒன்றின் நீல முத்திரை இருந்தது. ஏதோ ஒரு அரச குடும்பத்துக் குழந்தை. ஆனால் அந்தக் கவுனுக்கு மேலே இருந்த முகம் நம்மூர்ப் பெண்ணின் முகம். மாநிறம், மைதீட்டிய பெரிய கண், மூக்குத்தி, நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம்.

அக்காவின் படம் என்றுதானே அவர் சொன்னார், அதனால் நானும் அதிகம் யோசிக்கவில்லை. புகை நீங்கிய முகத்தை மட்டும் பெரிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முகத்தின் ஓரத்தில், காது மடலில், சோதனைக்காக ஒரு பஞ்சை வைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. புகை என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். அது புகையே இல்லை, பெயிண்ட். கடையில் டப்பாவில் விற்கும் சாதாரண இனாமல் பெயிண்ட். பஞ்சு பட்ட இடத்தில் அக்காவின் காது போய், ரோஜா நிறத்தில் வேறொரு காதும், அதை ஒட்டிச் சுருண்ட பொன்னிற முடியும் தெரிந்தன. கையில் இருந்த பஞ்சுக் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு குழந்தையின் முகத்துக்குள்ளிருந்து இன்னொரு குழந்தை எட்டிப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பயமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

முதலாளி வந்து பார்த்தார். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"இளவரசன்மா! அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ராஜா வீட்டு ஆம்பளப் புள்ளைங்களுக்கும் கவுன்தான். மேல இருக்கறத எடுத்துட்டா உள்ள அப்படியே முழுசா இருப்பான். எடுத்துடுங்க."

"சார், அது அவங்க அக்கா."

"அவர் என்ன சொல்லிக் குடுத்தார்? அழுக்கெடுக்கச் சொன்னார். பின்னாடி யாரோ பூசினது அழுக்குதானே? நீங்க படிச்ச படிப்புலயே அப்படித்தானே இருக்கு?"

அவர் சொன்னது தப்பில்லை, அதுதான் சிக்கல். மூலத்தின் மேல் பின்னால் வந்தது எதுவோ அதை எடு என்றுதான் எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு கண்நோய் இது. எல்லோருக்கும் முதலில் மேலே இருப்பது தெரியும். நமக்கு மட்டும் அடியில் இருப்பது தெரிந்துவிட்டால் மேலே இருப்பது கண்ணிலேயே படாது.

"வேணும்னா போன்ல கேட்டுடுங்க," என்றார் முதலாளி. ஏழுமலை வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் எண் இருந்தது. கூப்பிட்டேன், ஏழுமலையை வரவழைத்தார்கள். முகத்திலும் மேலே ஏதோ பூசியிருக்கிறது, எடுத்தால் உள்ளே வேறு மாதிரி இருக்கும் என்று சொன்னேன். பின்னால் யாரோ அரிசி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அழுக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? எடுத்துடுங்க, எடுத்துடுங்க," என்று வைத்துவிட்டார்.

முதலாளி கையை விரித்தார். "சொல்லிட்டார் பாருங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாடிக்கையாளர் சரி என்று சொல்லிவிட்டார், முதலாளி எடு என்கிறார், பாடப் புத்தகமும் எடு என்கிறது, கையில் பஞ்சு தயாராக இருக்கிறது. இந்த மூன்று பேரும் ஒத்துப்போகிற நேரத்தில்தான் நீங்கள் மிகவும் சந்தேகப்பட வேண்டும். ஏழுமலை சரி என்று சொன்னது அவர் பார்க்காத ஒன்றுக்கு. பார்க்காதவர் சொல்லும் சம்மதத்தை வைத்துக்கொண்டு திரும்ப வராத வேலையைச் செய்யக் கூடாது. நான் முடியாது என்றேன். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, பணிமனையில் அமைதியாக வேலை நடந்தது.

ஸ்டூடியோவிலிருந்து நான் எடுத்த படங்களின் பிரிண்டுகள் வந்ததும், பலகையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, வேலைக்கு வேண்டிய சாமான்களையும் எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கடப்பாக்கத்தில் இறங்கி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு. வாசலில் லாரி நின்றது. கூடத்தில், பலகை மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அந்த வெறும் சுவருக்கும் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

ஏழுமலை ஆசையாகப் பெட்டியைத் திறந்தார். கவுனையும் பதக்கத்தையும் பார்த்துச் சிரித்தார். பிறகு காதைப் பார்த்தார்.

"மேடம், இன்னா இது? எங்கக்கா காது இன்னாத்துக்கு வெள்ளையா கீது?"

சொன்னேன். அடியில் வேறொரு குழந்தை இருக்கிறது, அதன் மேல்தான் உங்கள் அக்காவை வரைந்திருக்கிறார்கள் என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தெரியவே தெரியாது.

"இன்னா சொல்ற நீ? எங்கக்காவ இன்னா பண்ண?" மரியாதை எல்லாம் போய்விட்டது. "கண்ணாலத்த வச்சிகினு கீறோம்! நான் உன்ன அழுக்கெடுக்கத்தான சொன்னேன்!"

"அதனாலதாங்க நிறுத்திட்டு வந்தேன். இதுக்கு மேல ஒரு பொட்டுக்கூடத் தொடல. காதை நான் திரும்ப எழுதித் தந்துடுவேன்."

"எத்த எயுதுவ? எங்கக்காவ நீ பாத்துகீறயா?"

அப்போதுதான் கொல்லையிலிருந்து அவருடைய அம்மா வந்தார். அஞ்சலையம்மா. மெலிந்த உடம்பு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். மகன் கத்தியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பலகையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப் போகிறார், இல்லை என்னைச் சபிக்கப் போகிறார் என்று நான் தயாரானேன். இரண்டுக்கும் நான் தகுந்தவள்தான் என்று தோன்றியது.

"இது இவ்ளோ சுளுவா வருமா?" என்று கேட்டார்.

"வரும்மா. ஆனா..."

"அப்ப முச்சூடும் எடுத்துடு."

நானும் ஏழுமலையும் ஒரே சமயத்தில் "என்னது?" என்றோம். நான் இத்தனை நாள் முதலாளியோடு மல்லுக்கட்டியது இந்த அம்மாவுக்காகத்தான். பெற்ற மகளுக்கு இருக்கும் ஒரே அடையாளத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறேன், அவர் அதை அழி என்கிறார்.

"யம்மா, உனக்குப் புத்தி கெட்டுப் பூச்சா? அக்காம்மா அது!"

"அது உங்கக்கா இல்ல," என்றார் அஞ்சலையம்மா.

அந்த அம்மா வாசல் படியில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு போட்டோகூட எடுக்கலம்மா. காச்சல் வந்து நாலு நாள்ல பூட்டா. எங்க மாமனாரு கடலோரம் ஒரு தொர பங்களாவுல காவலுக்கு இருந்தாரு, அங்கேர்ந்து வந்தது இந்தப் பீங்கான். இவங்க நைனாவுக்கு ஆச. செத்த கொயந்த ராஜா வூட்டு சட்ட போட்டுகினு இருக்கட்டும்னு. போர்டு எயுதறவன் ஒருத்தன இட்டாந்தாரு. அவன் எம்பொண்ண கண்ணால பாத்ததுகூட இல்ல. கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டா இவரு இன்னா சொல்வாரு? பெருசா இருக்கும்னாரு. மூக்குன்னா, எடுப்பா இருக்கும்னாரு. அவன் சாமி படத்துக்கு எயுதற மூஞ்சிய எயுதிட்டுப் பூட்டான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன்.

"எப்டி சொல்றது? கொண்ணாந்து எங்கையில குட்து, பாரு உம்பொண்ணுன்னு அந்த மனுசன் அயுதாரு பாரு... ஆமான்னேன். அவரு சாவற வரைக்கும் ஆமான்னே இருந்துட்டேன்."

ஏழுமலை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தினி வருசமா நாங்க யாரு கால்ல உய்ந்துகினு இருந்தோம்?"

"அவ கால்லதான்டா. நீ அவள பாத்ததில்ல. உனக்கு இது போதும். எனக்குப் போதல." பலகையின் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு கண்ணு அவளுக்குக் கொஞ்சம் சின்னது. சிரிச்சா அது மூடிக்கும். இப்டி வாயால சொல்றேன், ஆனா மூஞ்சி வரமாட்டேங்குது. கண்ண மூடுனா இதுதான் வந்து நிக்குது. இத்தப் பாத்துப் பாத்து எம்பொண்ணு மூஞ்சி எனக்கு மறந்து பூடுச்சிம்மா."

நான் எத்தனையோ உடைந்த பொருள்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சேதம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு படத்தைப் பாதுகாத்தால் நினைவைப் பாதுகாத்த மாதிரி என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அந்தப் படமே நினைவைத் தின்றுவிட்டது என்று பெற்றவள் என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறாள்.

"இத்த எடுத்துட்டா அவ திரும்பி வருவாளா?"

"தெரியாதும்மா," என்றேன். அதுதான் உண்மை. "எடுத்துட்டா திரும்ப இந்த முகத்தைக் கொண்டுவர முடியாது. அவளும் வரலைன்னா உங்களுக்கு இதுவும் இருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முப்பது வருசமா அத்தத்தான யோசிச்சிகினு கீறேன்."

மகனைப் பார்த்தேன். பொருளைக் கொண்டுவந்தவர் அவர், தெய்வமாகக் கும்பிடுகிறவரும் அவர். அவருக்கு அந்த முகம்தான் அக்கா, வேறு அக்கா கிடையாது. அம்மா சொல்லிவிட்டார் என்று அவர் கண்ணெதிரே அவருடைய தெய்வத்தைத் துடைத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. பையைத் திறந்து, நான் எடுத்திருந்த படங்களை அவரிடம் கொடுத்தேன். மெதுவாகப் புரட்டினார். முகம் மட்டும் பெரிதாக இருந்த ஒன்றில் நின்றார்.

"இதுல காது ஒயுங்கா கீது," என்றார்.

"அது தொடறதுக்கு முன்னாடி எடுத்தது."

"ஃபிரேம் போட்டுக் கும்புடலாமா மேடம்? தப்பில்லையே?"

என்னிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று இருந்தது. பதிலை அஞ்சலையம்மாதான் சொன்னார். "எங்க கூப்ட்டாலும் வருவாடா அவ. கும்புடு."

அவர் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார், பார்க்க முடியாது என்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்கலாம், நான் செய்தது சரியா என்று. ஒரு சில சகாக்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் போர்டு எழுதுகிறவரின் வேலையும் ஒரு வரலாறுதான், அதை அழிக்க உனக்கு என்ன உரிமை என்றார்கள். நியாயம்தான். முதலாளி சொன்னபோது அதே வேலையைச் செய்ய மறுத்தவளும் நான்தான். அங்கே அடியில் இருந்த இளவரசனுக்காக எடுக்கச் சொன்னார்கள். இங்கே அடியில் யார் இருக்கிறார்கள் என்பதே அந்த அம்மாவுக்குப் பொருட்டில்லை. ஒரே பஞ்சு, ஒரே திரவம், ஒரே பெயிண்ட். ஆனாலும் இரண்டும் ஒரே வேலை இல்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. யாருக்காக எடுக்கிறோம் என்று கேட்காமல் மட்டும் எடுக்காதீர்கள்.

வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து தொடங்கினேன். அஞ்சலையம்மா எனக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த முகமும் போய், அந்த முகமும் வராமல் போனால் இந்த அம்மாவை வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போன பாவம் எனக்கு. முதலில் கனகாம்பரம் போனது. பொட்டு போனது. மூக்குத்தி போனது. பெரிய மைக்கண் இரண்டும் பஞ்சில் கறுப்பாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார், மேலே செய் என்று.

கடைசியில் அரசவீட்டுப் பிள்ளை முழுசாக வெளியே வந்தான். நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போன்ற ரோஜாக் கன்னம், நீலக் கண்கள், யாரோ அசையாமல் உட்காரச் சொன்னதில் சலித்துப்போன உதடுகள். வேறு நாளாக இருந்தால் அந்த அழகுக்கே நான் கத்தியிருப்பேன். அன்றைக்கு அவனை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஆச்சும்மா," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கை இரண்டும் அப்படியே இருந்தன. பயந்துபோய், "அம்மா, முடிஞ்சுது, பாக்கறீங்களா?" என்று முழங்கையைத் தொட்டேன்.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் விழி அசைந்துகொண்டிருந்தது.

"செத்த சும்மா இரும்மா," என்றார். "வந்துகினு கீறா."